பன்னிரண்டு மணி வரை மெம்பர்

நானும் ஒரு காலத்தில் முனிசிபல் கவுன்சிலராக இருந்தவன்தான். இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் சற்று நிமிர்ந்து உட்கார்வார். அடுத்து, "எத்தனை வருஷம் இருந்தீங்க?" என்று கேட்பார். அங்கேதான் நான் மழை, விளைச்சல், கடலைக்காய் விலை என்று பேச்சை வேறு பக்கம் திருப்பப் பார்ப்பேன். இன்று அப்படிச் செய்யப் போவதில்லை. அறுபதைத் தாண்டிவிட்டேன், இனிமேல் கெடுவதற்கு என்னிடம் பெரிய பெயர் ஒன்றும் மிச்சமில்லை.

யுத்தம் தொடங்குவதற்கு நாலைந்து வருஷம் முன்பு நடந்தது இது. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் எங்கள் ஊர். (பெயர் வேண்டாம். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.) அப்பாவின் கடலைக்காய் மண்டியை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். குடியிருந்தது மேட்டுத் தெருவில். முனிசிபாலிட்டிக் குழாய் கடைவீதியோடு நின்றுவிட்டதால், எங்கள் தெருப் பெண்கள் பின்பக்கத்துப் பெரிய கிணற்றில்தான் தண்ணீர் எடுத்தார்கள். உள்ளே இறங்கக் கற்படிகள். பாதிப் படிகளில் எப்போதும் பாசி. ஒரு நாள் நிறைகுடத்தோடு ஏறி வந்த கர்ப்பிணிப் பெண் ஒருத்தி வழுக்கி விழுந்தாள். அவள் பிழைத்தாள், வயிற்றிலிருந்த பிள்ளை பிழைக்கவில்லை.

அந்த வாரமே எங்கள் வார்டு மெம்பர் செங்கோட கவுண்டர், மேட்டுத் தெருவுக்குக் குழாய் வேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதினார். அது சபைக்கு வருவதற்குள் அவரே காய்ச்சலில் போய்விட்டார்.

மெம்பர் இறந்தால் அவர் இடம் காலி. அதை நிரப்ப உபதேர்தல் நடக்க வேண்டும். அதற்கான காகிதங்கள் எங்கள் ஊருக்கும் ஜில்லா ஆபீசுக்கும் நடையாய் நடந்தன. மாசியில் இறந்தவருடைய இடத்துக்குப் புரட்டாசிக் கடைசியில்தான் தேர்தல் என்று தண்டோரா போட்டார்கள். நான் மனுக் கொடுத்தேன். வேறு ஒருவரும் கொடுக்கவில்லை. போட்டியே இல்லாமல் ஜெயித்துவிட்டேன்! ஊரில் எனக்கு இத்தனை செல்வாக்கா என்று எனக்கே ஆச்சரியம்.

என் மனைவி நல்லம்மாளுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. அவள் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி.

"ஏனுங்க, அந்த எடத்துக்கு ஒருத்தருமே நிக்கலையே, என்னத்துக்குன்னு யாரையாச்சும் கேட்டீங்களா?"

"என்னை எதிர்த்து நிற்க யாருக்குத் தைரியம் இருக்கிறது?" என்றேன். (இருபத்தெட்டு வயதில் மனிதன் இப்படித்தான் பேசுவான்.) அவள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள்.

முனிசிபல் ஆபீசிலிருந்து இங்கிலீஷில் கடிதம் வந்தது. இரண்டு பாரா. முதல் பாராவில் என் பெயர் இருந்தது. அதோடு வாசிப்பதை நிறுத்திவிட்டு, சேலத்துக்குப் போய்க் கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டமும் எனக்கு ஒரு கோட்டும் வாங்கி வந்தேன்.

கூட்டத்துக்கு முதல் நாள் கவுண்டரின் மனைவி பாவாயக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். புருஷன் கைப்பட எழுதிய தீர்மானத்தை மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

"சாமி, அவுரு கடைசி வரைக்கும் இதையேதான் சொல்லிக்கிட்டுக் கெடந்தாரு. நீங்க இதை எந்திரிச்சு வாசிச்சுப் போட்டாப் போதும். வேற ஒண்ணும் பேசோணும்னு இல்லீங்க."

"வாசிப்பதா? முழங்கிவிடுகிறேன், அக்கா" என்றேன். அவர் நல்லம்மாளின் வயிற்றைப் பார்த்தார். காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

கூட்டம் காலை பத்தரைக்கு. புதுக் கோட்டில் நுழைந்தேன். மேஜை மேல் தாம்பாளம் நிறைய மாலைகள். வாசலில் கறுப்புத் துணியும் பெட்டியுமாக ஒரு போட்டோக்காரர். புது மெம்பருக்கு இவ்வளவு மரியாதையா என்று கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். மற்ற மெம்பர்கள் வேலையெல்லாம் முடிந்தவர்களைப் போலக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். அன்றைய அலுவல் இரண்டே இரண்டு: புது மெம்பருக்கு வரவேற்பு, காலஞ்சென்ற மெம்பரின் தீர்மானம்.

வழக்கமான காகிதங்களெல்லாம் முடிந்ததும் சேர்மன் எழுந்து என்னை வரவேற்று, "புது மெம்பரு ரெண்டு வார்த்தை பேசலாமுங்க" என்றார்.

நான் பதினான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். சோழர் காலத்துக் குடவோலையில் தொடங்கினேன். அங்கிருந்து சாக்கடைக்கு வந்தேன். சாக்கடையிலிருந்து தெருவிளக்கு, அங்கிருந்து சந்தைப்பேட்டை. என் முதல் வருஷத் திட்டம், இரண்டாம் வருஷத் திட்டம் என்று பிரித்துச் சொன்னேன். கடைசி வரிசையில் ஒருவர் சிரித்தார். என் நகைச்சுவை எடுபட்டதாக நினைத்து அந்த இடத்தை இன்னொரு முறை சொன்னேன். குழாயைக் கடைசிக்கு என்று வைத்திருந்தேன். முத்தாய்ப்பாக இருக்கட்டுமே என்றுதான். பாவாயக்கா கொடுத்த காகிதம் கோட்டின் உள்பையில் பத்திரமாக இருந்தது.

மூன்றாம் வருஷத் திட்டத்துக்கு வந்து, "மூன்றாண்டு முடிந்து நான் இந்த நாற்காலியை விட்டு எழும்போது..." என்றேன். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. குமாஸ்தா மினிட் புத்தகத்தை மூடினார். எல்லாரும் எழுந்தார்கள். எனக்காகத்தான் எழுகிறார்கள் என்று நினைத்துக் கும்பிட்டேன்.

"தீர்மானம் ஒன்று இருக்கிறது" என்று பையில் கையை விட்டேன்.

சேர்மன் நல்ல மனுஷன். என் தோளில் கை வைத்தார். "மன்னிக்கோணுமுங்க. இன்னைக்குப் பகல் பன்னெண்டோட இந்தக் கவுன்சிலோட மூணு வருசம் முடிஞ்சுது. இப்ப நானும் சேர்மன் இல்லீங்க, நீங்களும் மெம்பர் இல்லீங்க."

"நான் இப்போதுதானே வந்தேன்?"

குமாஸ்தாதான் விளக்கினார். "காலி எடத்துக்கு வாறவருக்குப் புதுசா மூணு வருசம் கிடையாதுங்க. செத்தவரு விட்ட மீதிக் காலந்தான். கடுதாசியிலே ரெண்டாவது பாராவுல இருக்குதுங்களே."

ஊரில் எனக்கு எதிராக யாரும் நிற்காத காரணம் அப்போது புரிந்தது. "என்னை நிறுத்தியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "பேசறவரை நிறுத்தறது மரியாதை இல்லீங்களே" என்றார் பழைய சேர்மன். அந்தக் கவுன்சிலோடு அதன் முன் இருந்த தீர்மானமும் காலாவதி. மாலைகள் மூன்று வருஷம் உழைத்தவர்களுக்கு. போட்டோவில் என்னையும் நிற்கச் சொன்னார்கள். இன்றைக்கும் அந்தப் படத்தில் ஓரத்தில், மாலையில்லாமல், உள்பையில் கை விட்டபடி ஒருவன் நிற்கிறான்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். நல்லம்மாள் அழவில்லை, திட்டவும் இல்லை. மறுநாள் காலை பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நான் எடுத்துக்கொண்டேன்.

ஆண்பிள்ளை இடுப்பில் குடத்தோடு போவதை மேட்டுத் தெரு அதுவரை பார்த்ததில்லை. "மெம்பரு தண்ணிக்குப் போறாருங்கோ!" என்று ஒரு குரல் எழும்ப, கதவுகள் எல்லாம் திறந்தன. கிணற்றடியில் பாவாயக்கா நின்றிருந்தார். என்ன கேட்டிருந்தாலும் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "பாசி கெடக்குது சாமி, பாத்து எறங்குங்க."

இறங்கினேன். கடைசிப் படியில் குனிந்து தண்ணீர் மொள்ளும்போது அழுதேன். எத்தனை பெரிய காரியத்தை எத்தனை சின்னப் பெருமைக்காகக் கோட்டைவிட்டேன் என்று நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. முகத்தில் தண்ணீர் தெறித்ததுபோல் துடைத்துக்கொண்டு ஏறினேன்.

தை மாதம் எங்களுக்குப் பெண் பிறந்தது, சுகமாக. அவளுக்கு நடை வந்த பிறகும் குடம் என் கையில்தான் இருந்தது. பாவாயக்காவுக்கும் ஒரு நடை கொண்டுபோய் ஊற்றுவேன். எனக்குப் பிறகு எங்கள் வார்டுக்கு வந்த மெம்பர் அதே தீர்மானத்தை அடுத்த கவுன்சிலில் கொண்டுவந்தார்; ஒரே நிமிஷத்தில் வாசித்து முடித்தாராம். அதன் பிறகு மதிப்பீடு, அனுமதி, மறுபடியும் மதிப்பீடு என்று இழுத்து, நான் குடம் எடுத்து மூன்று வருஷம் முடிந்த ஐப்பசியில் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வந்தது. முதல் குடத்தைப் பாவாயக்கா பிடித்தார். இரண்டாவது குடத்தை நல்லம்மாள் என் கையிலிருந்து வாங்கிப் பிடித்தாள்.

அன்றிலிருந்து அந்தப் பித்தளைக் குடத்துக்கு எங்கள் வீட்டில் 'மெம்பர்' என்று பெயர். பேரப்பிள்ளைகளுக்கு அது குடம் என்பதே சற்றுத் தாமதமாகத்தான் தெரியவந்தது. யாராவது என்னிடம், "கவுன்சிலரா எத்தனை வருஷம் இருந்தீங்க?" என்று கேட்டால், நான் கடலைக்காய் விலைக்குப் போவதற்குள் உள்ளேயிருந்து நல்லம்மாளின் குரல் வந்துவிடும்:

"மூணு வருசமுங்க. முழுசா. ஒரு நாள்கூட லீவு போடலீங்க."