ஒரே வேகத்தில் ஒரு சிவப்பு ஹெல்மெட்

பேச்சிராஜ் தன் பெண்டாட்டியை ஒரு நாளைக்கு ஒரு தும்மல் நேரம்தான் பார்க்கிறான். சும்மா சொல்லவில்லை. ஒரு வியாழக்கிழமை நிஜமாகவே தும்மிவிட்டான். அன்றைக்கு அவ்வளவுதான், பெண்டாட்டி கிடையாது.

எல்லாம் ஷிப்ட் செய்யும் வேலை. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஸ்ரீபெரும்புதூரில் ஒற்றை அறையில் குடியிருக்கிறார்கள். ரெண்டு பேருக்கும் வேலை ஒரகடத்தில். அவனுக்குக் கார் கம்பெனியில் முதல் ஷிப்ட். முத்துச்செல்விக்கு வேறொரு கம்பெனியில் ரெண்டாவது ஷிப்ட். அவள் வரும்போது அவன் குறட்டை விடுவான். அவன் கிளம்பும்போது அவள் குறட்டை விடுவாள். ஞாயிற்றுக்கிழமையை ஓவர்டைம் தின்றுவிடும்.

மிச்சம் மத்தியானம்தான். அவனைக் கொண்டுவரும் பஸ்ஸும் அவளைக் கொண்டுபோகும் பஸ்ஸும் வல்லக்கோட்டைப் பக்கம் எதிரெதிரே கடக்கும். ரெண்டு பேரும் அடித்துப்பிடித்து வலதுபக்க ஜன்னலில் உட்கார்ந்திருப்பார்கள். விர்ர்ர். முடிந்தது. ஒரு தடவை அவசரத்தில் அவள் பஸ் டிரைவருக்குக் கையாட்டிவிட்டான். டிரைவரும் பதிலுக்கு ஆட்டினார்.

எதிரெதிரே போனால் ரெண்டு வேகமும் கூடிவிடும். பள்ளிக்கூடத்தில் ரெண்டு ரயிலை வைத்து இதைச் சொல்வார்கள். அந்த ரயிலில் யார் பெண்டாட்டி இருக்கிறாள் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். அப்புறம் எப்படி மண்டையில் ஏறும்?

பேச்சிராஜுக்கு அது ஏறியது கார் கம்பெனி லைனில். அங்கே கார் நகர்ந்துகொண்டே இருக்கும். அவன் கூடவே நடந்தபடி கதவுக்கு ரப்பர் மாட்டுவான். அதே வேகத்தில் நடந்தால், கார் அப்படியே நிற்கிற மாதிரி இருக்கும். ஒரு நாள் ரப்பரும் கையுமாக அவன் நின்றுவிட்டான். கார் போய்விட்டது. சூப்பர்வைசர் கத்தினார். எதுவும் காதில் விழவில்லை.

'எதிர்ல போனாத்தானே அவ மறையுதா. கூடயே போனா?'

கூட வேலை பார்க்கும் மாரிசெல்வத்திடம் பைக் கேட்டான்.

"எதுக்குல?"

"பொண்டாட்டியப் பாக்க."

"அவ ஒன் வீட்லதானல இருக்கா?"

"வீட்ல பாக்க முடியல. ரோட்லதான் பாக்கணும்."

ஹெல்மெட் இல்லாமல் கம்பெனி கேட்டுக்குள் பைக் நுழையாது. அதனால் மாரிசெல்வத்தின் சிவப்பு ஹெல்மெட்டும் கூடவே வந்தது. முகம் மொத்தத்தையும் மூடுகிற ரகம்.

ஷிப்ட் முடிந்து வல்லக்கோட்டையில் காத்திருந்தான். அவள் பஸ் வந்ததும் வண்டியைத் திருப்பிக் கூடவே விட்டான். புத்தகத்தில் பஸ் சீரான வேகத்தில் போகும். ஒரகடம் ரோட்டில் அப்படி ஒரு பஸ் இதுவரை ஓடியதில்லை. குறுக்கே கன்டெய்னர் லாரி, அதற்குக் குறுக்கே மாடு. டிரைவர் மிதித்தால் அவள் முன்னால் போய்விடுவாள். பிரேக் அடித்தால் இவன் முன்னால் போய், காலைத் தேய்த்து நிற்பான். வேகம்கூடப் பரவாயில்லை. வேகம் மாறுகிறதே, அந்த முடுக்கம்தான் எமன்.

கடைசியில் நேர் ரோடு ஒன்று வாய்த்தது. மரம் ஓடியது. கம்பெனிச் சுவர் ஓடியது. முத்துச்செல்வி மட்டும் அசையவில்லை. காதில் புதுக் கம்மல். எப்போது வாங்கினாள்? கன்னம் ஒட்டியிருந்தது. யாரைக் கேட்டு இளைத்தாள்?

அவள் முறைத்தாள்.

ஹெல்மெட்டுக்குள் சிரித்தால் யாருக்குத் தெரியும்? கழற்றலாம் என்றால் ரெண்டு கையும் ஹேண்டில்பாரில். போகட்டும். முறைத்தாலும் அவள் முகம்தானே.

மறுநாள் பக்கத்து சீட்டு கனகத்திடம் அவனைக் கைநீட்டிக் காட்டினாள். அதற்கு மறுநாள் ஜன்னல் வழியாக ஒரு பாட்டில் தண்ணீர் வந்தது. அது பஸ்ஸின் வேகத்தோடு கிளம்பி, அதே வேகத்தில் போன இவன்மேல் கச்சிதமாக விழுந்தது.

சாயங்காலம் டீ பிரேக்கில் அவளிடமிருந்து போன்.

"ஏங்க, ஒரு பொறுக்கி தெனமும் எங்க பஸ்ஸோடயே வாரான்."

"பாவம், ஏதாச்சும் வேலையாப் போறவனா இருக்கும்."

"பாவமா? பல்லை இளிக்கான்!"

"ஹெல்மெட்டுக்குள்ள இளிக்கது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அவன் ஹெல்மெட் போட்டிருக்கான்னு நான் சொல்லவே இல்லையே?"

"டவர் இல்ல முத்து... விட்டு விட்டுக் கேக்கு..."

திங்கட்கிழமை மறுபடி போனான். அந்த ஜன்னலில் கனகம் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே! இன்னாத்துக்கு இந்த ஜன்னலையே பாத்துக்கினு வர்றே? முத்து இன்னிலேர்ந்து ஃபர்ஸ்ட் ஷிப்ட்டு! அது அப்பவே வுட்டாச்சு, வூட்ல கீது, போ!"

அண்ணேயா? பேச்சிராஜ் பிரேக் அடித்தான். விடியும் முன்னே அவன் கிளம்பியபோது போர்வைக்குள் இருந்தவள், பின்னாலேயே எழுந்து வேலைக்குப் போயிருக்கிறாள். வண்டியைத் திருப்பினான்.

வீட்டில் ரெண்டு தட்டு போட்டிருந்தது.

"வாங்க பொறுக்கி. கையக் கழுவுங்க."

"தெரியுமா?"

"மொத நாளே தெரியும். வேகமாப் போறப்ப எல்லாவனும் ஒண்ணுபோலதான். நிப்பாட்டுறதுலதான் ஆளு தெரியும். நீங்கதான் காலைத் தரையில தேய்ச்சிக்கிட்டே நிப்பாட்டுவிய."

"பெறகு ஏன் தண்ணி ஊத்துன?"

"நாலு பேரு பாக்கணும்லா. புருசனோட இருக்கணும், ஷிப்ட் மாத்துங்கன்னு ஆறு மாசமா கெஞ்சுனேன். சூப்பர்வைசர் சிரிச்சாரு. பொறுக்கி பின்னால வாரான்னேன். பஸ்ஸே சாட்சி சொல்லிச்சு. ஒடனே மாத்திட்டாவ."

அவன் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தான். அவள் சோற்றைப் போட்டாள்.

"நீங்க மட்டுந்தான் தும்முனியளா? ஒரு நாள் என் கண்ணுல தூசி விழுந்துட்டு. அன்னைக்கு பஸ்ல அழுதுக்கிட்டே போனேன்."

மரம் ஓடவில்லை, சுவர் ஓடவில்லை. ரெண்டு பேரும் சோற்றைப் பிசைந்தபடி ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"இனி தெனமும் இப்படி ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம், என்ன?"

"அது எப்படி? பொறுக்கி வரலன்னு தெரிஞ்சா, என்னையப் பழைய ஷிப்ட்டுக்கே போட்டுருவாவ. கனகத்துட்ட மட்டும் சொல்லி வச்சிருக்கேன். நீங்க பாட்டுக்குத் தெனமும் போயிட்டு வந்துருங்க."

மறுநாள் மத்தியானம் முத்துச்செல்வி வீட்டில் சுடச்சுட சாப்பிட்டாள். பேச்சிராஜ் கனகத்தோடு ஒரே வேகத்தில் போய், அவள் ஊற்றிய தண்ணீரை மேலெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தான்.