கடைசி எழுத்தை முழுங்கிய டாக்டர்

எந்த அவசரத்திலும் பதறாதவன்தான் டாக்டர் என்பார்கள். நான் பதறினால் அடுத்த கட்டிலில் படுத்திருப்பவருக்கும் சேர்த்து நாடித்துடிப்பு ஏறும். புதுப்பட்டினத்தில் சொந்த கிளினிக், நாற்பத்தெட்டு வயது, பாதி வழுக்கை எல்லாம் வந்த பிறகு இதைச் சொல்ல வெட்கமில்லை. இருந்த வெட்கமெல்லாம் ரஷ்யாவிலேயே தீர்ந்துவிட்டது.

அங்கே மருத்துவம் படித்தேன். கடைசி வருடம் அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு மாதப் பயிற்சி. முடிவில் பெரிய டாக்டரம்மா என் நோட்டில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் இன்னொரு வருடம் அதே பனி, அதே முட்டைக்கோஸ் சூப். ஊரிலோ, பஸ் கண்டக்டரான என் அப்பா முன்கூட்டியே என் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று தகர போர்டு எழுதி, பெட்ஷீட்டில் சுற்றிப் பரணில் போட்டிருந்தார்.

"உப்புக் காத்துல போர்டு துரு புடிச்சிகினு கீதுடா. சீக்கிரம் வா" என்பார் போனில்.

பாடம் ஆங்கிலத்தில் என்பதால் பிழைத்தேன். நோயாளிகள் ரஷ்ய மொழியில்தான் வலிக்கிறது என்றார்கள். காதில் விழுந்த சொற்களைத் தமிழ் எழுத்தில் ஒரு பாக்கெட் டைரியில் குறித்துக்கொண்டேன். எங்கள் பக்கம் வார்த்தைக்கு வால் வைப்பதில்லை. 'இருக்கிறது' என்பதையே 'கீது' என்று முடித்துவிடுவோம். அந்த மரியாதையை ரஷ்ய மொழிக்கும் செய்தேன். 'ஜிவோத்' என்றால் வயிறு. 'ஜிவோய்' என்றால் உயிரோடு இருப்பவர். என் டைரியில் இருந்தது ஒரே வரி: 'ஜிவோ – வயிறு.'

என் அறையில் கூடத் தங்கியிருந்த செய்யூர் ஜெபராஜ் எச்சரிக்கத்தான் செய்தான். "மச்சான், முழுசா சொல்லேன்டா. கடைசி எழுத்து உனக்கு இன்னா பகையாளியா?"

"புரிஞ்சா போதாதா மச்சான்?" என்றேன். (திமிரைப் பாருங்கள்.)

ஒரு மத்தியானம். விபத்து கேஸ் ஒன்றில் எல்லோரும் மும்முரமாக இருந்தபோது, பீரோ சைஸில் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறியபடி வந்தார். என்னைப் பார்க்கச் சொன்னார்கள். அமுக்கிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நானே தனியாகக் கண்டுபிடித்த முதல் நோய்: வாயுத் தொல்லை. டாக்டரம்மாவிடம் சொன்னேன், ஒரு பார்வை பார்த்துத் தலையாட்டினார். ஊசியும் டிரிப்ஸும் ஏறியதும் ஆள் குறட்டைவிட ஆரம்பித்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய ஆபரேஷன் முடித்தவன் மாதிரி கையுறையைக் கழற்றிக்கொண்டே வராந்தாவுக்கு வந்தேன். அங்கே அவர் மனைவியும் மைத்துனரும். அந்த அம்மா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, நடுங்கும் குரலில் ஒரே சொல் கேட்டார்.

"ஜிவோய்?"

ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கிறார். என் காது வழக்கம்போல வாலை வெட்டிவிட்டு 'ஜிவோ'வை மட்டும் உள்ளே விட்டது. ஓ, வயிற்றைக் கேட்கிறார்! வயிற்றில் ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும். நாலு கண்கள் என்னையே பார்க்க, ஆறு வருட ரஷ்ய மொழி மொத்தமும் ஓடிப்போய், இரண்டே சொற்கள் மிஞ்சின. இல்லை, நல்லது.

"ஜிவோ நியெத்!" என்றேன், வாயெல்லாம் பல்லாக. "ஹரஷோ!"

அதாவது: உயிரோடு இல்லை. நல்லது.

அந்த அம்மா பெஞ்சில் சரிந்து ஓவென்று அழுதார். மைத்துனர் தொப்பியைக் கழற்றினார். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தேன். (மடையனுக்கு எல்லாமே ஆனந்தம்தான்.) மைத்துனரின் தோளைத் தட்டி இன்னொரு 'ஹரஷோ' போட்டேன். அவர் என் காலரைப் பிடித்துச் சுவரோடு சேர்த்தார்.

அப்போது கதவு திறந்தது. காலமானவர், முதுகுப்பக்கம் திறந்த ஆஸ்பத்திரி அங்கியோடு, டிரிப்ஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு, என்ன சத்தம் என்று பார்க்க வந்தார்.

மனைவி அவரையே பார்த்தார். பிறகு என்னை. பிறகு கைப்பையைச் சுழற்றினார். உள்ளே ஊறுகாய் பாட்டில் இருந்தது என்பதை என் தோள்பட்டை கண்டுபிடித்தது.

டாக்டரம்மா வந்து, அந்த அம்மாவின் எதிரே என்னைப் பத்து முறை 'ஜிவோய்' சொல்ல வைத்தார், 'ய்' வரைக்கும். அப்புறம் நோட்டை வாங்கி எதையோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜெபராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். "நம்ம ஜீவன் மாதிரியே கீதேடா மச்சான்! அப்டி நெனச்சிருந்தாகூட தப்பிச்சிருப்பியே!"

ஊர் திரும்பியதும் அப்பா நோட்டைப் புரட்டினார். "அந்தம்மா இன்னா எழுதிகீறாங்க?"

"ரொம்ப நல்ல பையன்னு எழுதிகீறாங்கப்பா."

அந்தப் பக்கத்தை பிரேம் போட்டு போர்டுக்குக் கீழேயே மாட்டினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அதற்கடியில் உட்கார்ந்து என் கிளினிக்கில் டோக்கன் கொடுத்தார்.

மூன்று வருடம் முன்பு, மாமல்லபுரம் சுற்றிப் பார்க்க வந்த ரஷ்யப் பெண் ஒருத்தி வயிற்று வலியோடு வந்தாள். பிரேமைப் படித்தவள் வலியை மறந்து சிரித்தாள். அப்பா தன் கண்டக்டர் இங்கிலீஷில் விசாரித்துவிட்டு நேராக என் அறைக்குள் வந்தார்.

"'வைத்தியம் தெரியும். நோயாளியின் உறவினர்களிடம் மட்டும் இவனைப் பேச விடாதீர்கள்.' இதாண்டா எழுதிகீது. நல்ல பையனாம்!"

ஜிவோய் கதை முழுவதையும் அன்றே என்னிடமிருந்து கறந்துவிட்டார். பிரேமை மட்டும் கழற்றவில்லை. உத்தரவாகவே எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து என் நோயாளிகளின் சொந்தக்காரர்களிடம் அவர்தான் பேசுகிறார். சளிக்கு ஆவி பிடிக்க வந்தவராக இருந்தாலும் சரி, எழுந்து நின்று, பஸ்ஸின் பின்சீட்டு வரை கேட்கும் அந்தப் பழைய குரலில் அறிவிப்பார்:

"உசுரோட கீறாரு! மத்தத உள்ள போயி கேட்டுக்கோங்க!"

பிறகு என் அறைப்பக்கம் திரும்பி, "பாத்தியா, ஒரு எழுத்து முழுங்கல" என்பார்.