சைக்கிளை விற்கும் முன் படிக்கவும்

செஞ்சி
11-2-1965

சிரஞ்சீவி தம்பி அனந்தநாதனுக்கு அண்ணன் நேமிராஜ் ஆசிகளுடன் எழுதுவது. இங்கு நானும் வேர்க்கடலைப் பயிரும் சுகம். அங்கு நீயும் விஜயாவும் குழந்தை நீலாஞ்சனாவும் உன் புதுக் காரும் சுகந்தானே? நான்கு நாள் என்னைப் பட்டணத்தில் ராஜாவைப்போல வைத்திருந்ததற்கு நன்றி சொல்லவே பேனா எடுத்தேன். கூடவே, எவரும் நம்ப முடியாத கதை ஒன்றைச் சொல்லப்போவதாக இப்போதே சத்தியம் செய்கிறேன்.

கார் வந்துவிட்டது, ஆபீசுக்குப் போகும் நீலாஞ்சனாவுக்கு இனி சைக்கிள் எதற்கு, ஞாயிற்றுக்கிழமை விற்றுவிடுகிறேன் என்றாயே, பொறு. நீ கோயம்புத்தூர் போயிருந்த செவ்வாய்க்கிழமை, உன் டிரைவர் தேவசகாயம் என்னைப் பாரிமுனையில் காரில் ஏற்றி மாம்பலத்து வீட்டுக்குக் கிளப்பினான். மவுண்ட் ரோட்டில் வண்டி நின்றது. முன்னால் கார், பின்னால் கார், நின்ற நேரத்தில் நான் துப்பிய புளியங்கொட்டை முளைத்து மரமாகி எங்களுக்கே நிழல் கொடுத்தது. எங்களைக் கடந்துபோன கட்டை வண்டி மாடு தேவசகாயத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டது. எனக்கோ உயிர் போகிறது. பொழுது சாய்ந்தால் நம் ஜைன வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லையே, காலையில் தின்ற இரண்டு இட்லியோடு மறுநாள்வரை எப்படித் தாங்குவது?

"இன்னாப்பா, நடந்தா போய்டலாமா?" என்றேன்.

"நடந்தா போய்டலாம் சார். கார்லதான் போவ முடியாது."

அப்போது மணி அடித்துக்கொண்டு வந்தாள் நம் நீலாஞ்சனா. "பெரிப்பா! பொழுது போவுது, இன்னும் இங்கியா குந்திருக்கீங்க? ஏறுங்க பின்னால!"

ஏறினேன். நாலடி போவதற்குள் போலீஸ்காரர் மறித்தார். "டபுள்ஸ் கூடாது பெருசு, எறங்கு."

"ஐயா, நான் ஆளில்ல. செஞ்சியிலேர்ந்து வந்த கல்லக்கா மூட்டை" என்றேன். வேர்க்கடலை மூட்டைக்கு சல்யூட் அடித்து வழிவிட்டார்! பிறகு அவள் மிதித்த மிதியில் என் மேல்துண்டு கிண்டிவரை பறந்தது. சூரியனே எங்களைப் பார்த்துவிட்டு, இவர்கள் சாப்பிடட்டும் என்று ஒரு முழம் மேலே ஏறி நின்றான். பதினெட்டு தோசை தின்றேன். சிங்கவரம் கழனிக்கு தினமும் நடந்தே போய்வரும் மனிதன் சொல்கிறேன், அந்த சைக்கிள் இல்லையென்றால் இன்று இந்தக் கடிதம் இல்லை. அதை விற்காதே.

உங்கள் மூவருக்கும் என் ஆசி. சைக்கிளின் இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனியாக ஆசி.

இப்படிக்கு,
நேமிராஜ்

பின்குறிப்பு: எப்படியும் விஜயா சொல்லிவிடுவாள், நானே சொல்லிவிடுகிறேன். கார் நின்றது ஐந்தே நிமிடம். குழந்தையைப் பார்த்ததும் ஆசை தாங்காமல் நான்தான் குதித்து இறங்கினேன். கடற்கரைப் பக்கம் ஒரு சுற்று போகலாம் என்று கெஞ்சியதும் நான்தான். வீடு சேர்ந்தபோது தெருவிளக்கு எரிந்தது, தேவசகாயம் காரைத் துடைத்து முடித்துக் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். தோசை கிடையாது, பட்டினி. ஆனால், கடற்கரையில் அவளிடம், "கார்ல சொகுசா போலாமே கண்ணு?" என்று கேட்டேன். "கார் நைனா சொன்னாத்தான் கெளம்பும் பெரிப்பா. இது நான் ஏறுனா கெளம்பிடும்" என்றாள். அது மட்டும் என் சரக்கில்லை, தம்பி.