முறைப்பாடு இல்லாத பாட்டு

இந்தக் கதையை நான் நேரில் பார்க்கவில்லை. பேசாலை மில்ரன் மன்னார் பஸ்ஸில் பக்கத்து சீற்றில் இருந்து சொன்னது. அவன் ட்ரம்ஸ் அடிப்பவன் என்பதால் சத்தமாகவே சொன்னான். ஆகவே பிழையாகக் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

அவர்களுடைய இசைக்குழுவின் பெயர் 'இரும்புச் சிறகு'. பவர் மெற்றல். அதாவது, கித்தார் குதிரைபோல ஓடும். பாட்டில் வாளும் நெருப்பும் ஏழு தலை நாகமும் வரும். பாடுகிற பெற்றிசியாவின் குரல் கோயில் மணிக்கூண்டுக்கு மேலே போகும். பதினான்கு வருடத்தில் நான்கு அல்பம். அவற்றிலிருந்து பன்னிரண்டு பாட்டைத் தெரிவுசெய்து, ஒரே தொகுப்பாக நகர மண்டபத்தில் வெளியிட விரும்பினார்கள். மண்டபத்தை எடுக்க, அரசாங்கத்தின் கலைப்பணி உறுதிப்படுத்தல் கந்தோரின் கடிதம் வேண்டும்.

அங்கே பொறுப்பாக இருந்த கனகரத்தினம் சேர் படிவத்தைப் பார்த்தார்.

"பதினாலு வருசம் எண்டு போட்டிருக்கிறியள். அத்தாட்சி?"

"நாலு சீடி இருக்கு, சேர்," என்றாள் பெற்றிசியா.

"சீடியை நேற்றும் அடிச்சிருக்கலாம். உங்களுக்கு வேண்டப்படாத ஆள் ஒருத்தர் எழுத்தில தந்த ஆவணம் வேணும்."

இசை விமர்சகர் எவரும் பேசாலைப் பக்கம் வந்ததில்லை. ஆனால் பக்கத்து வீட்டு யாகப்பர் இருந்தார். ஒத்திகைச் சத்தம் தாங்காமல், திகதி, நேரம், பாட்டின் முதல் வரி எல்லாம் போட்டு பொலிசுக்கு முறைப்பாடு எழுதி, பிரதிகளை அலுமாரியில் அடுக்கி வைத்திருந்தவர். மொத்தம் நாற்பத்து மூன்று.

சேர் அவற்றை மரியாதையோடு புரட்டினார். பதினொரு பாட்டுகள் மேற்படி ஆவணங்களால் ஐயந்திரிபற உறுதிப்படுத்தப்பட்டன. பன்னிரண்டாவது உறுதிப்படவில்லை. அது பெற்றிசியா தானே எழுதிய ஒரே பாட்டு. கடலுக்குப் போய்த் திரும்பாத தகப்பனுக்காக, ஒற்றைக் கித்தாரோடு மெதுவாகப் பாடியது.

"அதுக்கு ஒருத்தரும் முறைப்பாடு குடுக்கேல்லையே," என்றார் சேர். "அப்ப அது நடக்கேல்லை."

பெற்றிசியா யாகப்பரிடம் போனாள்.

"அங்கிள், ஒரேயொரு முறைப்பாடு எழுதித் தாங்கோ. அப்பான்ர பாட்டு கரைச்சலாக் கிடந்தது எண்டு."

"கரைச்சலாக் கிடக்கேல்லையே, பிள்ளை. நான் வலையைக் கீழ வைச்சிட்டு வேலியடியில நிண்டு கேட்டனான். பொய் எழுதினால் மற்ற நாற்பத்து மூண்டுக்கும் மதிப்பில்லாமல் போயிடும்."

அவள் எழும்பினாள்.

"இரு பிள்ளை. உண்மையான முறைப்பாடு ஒண்டு கிடக்கு. இவ்வளவு நாளும் எழுதேல்லை."

எழுதினார்: 'மேற்படி குழுவினர் அந்தப் பாட்டை ஒரேயொரு தடவை பாடிவிட்டு, மறுபடியும் ஏழு தலை நாகத்துக்குப் போய்விட்டதால் நான் மிகுந்த மனவேதனைக்கு உள்ளானேன்.'

சேர் இரண்டு தரம் வாசித்தார். "வேதனை எண்டு இருக்கு. காணும்." காலந்தாழ்ந்த முறைப்பாட்டுக்கென்று கந்தோரில் தனி முத்திரையும் இருந்தது. குத்தினார். தொகுப்பு வந்தது, அப்பாவின் பாட்டு ஏழாவதாக இருக்கிறது.

இந்த முறை விஞ்ஞானபூர்வமானது என்று சேருக்குப் பட்டது. இனிமேல் கலைச்சேவை, பெற்ற முறைப்பாடுகளின் எண்ணிக்கையால் அளக்கப்படும் என்று சுற்றறிக்கை போனது. கூத்துக் குழுக்கள் அயலவர்களைத் தேடி அலைந்தன. பெரியமடுவில் ஒரு கவிஞர், ஒருவரும் முறைப்பாடு தரவில்லை என்று முறைப்பாடு கொடுத்தார்.

வருட முடிவில் விருது. நாற்பத்து நான்கோடு தங்களுக்குத்தான் என்று 'இரும்புச் சிறகு' நம்பியிருந்தது. இரண்டாமிடம்தான் கிடைத்ததாம்.

முதலிடம் யாருக்கு என்று மில்ரன் சொன்னதை நான் நம்பவில்லை. போன கிழமை கந்தோருக்குப் போய் அறிவித்தல் பலகையைப் பார்த்தேன். உண்மைதான். 'நீண்டகால, இடைவிடாத கலைச்சேவைக்காக' முதலிடம் அந்தக் கந்தோருக்கே. கந்தோரின் மேல் வந்த முறைப்பாடுகள் முன்னூற்றுப் பன்னிரண்டு.

கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலும் நன்றியுடன் ஒட்டப்பட்டிருந்தது. அங்கே நான் போட்ட பட்டதாரிப் பயிலுனர் வேலை விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை என்று எழுதியது, அதில் இருநூற்று ஆறாவது.