ஆமைக்கு நாலு வீடு

நான் இரண்டு வேளையும் திருநீறு பூசுகிறவன். சனிக்கிழமை தவறாமல் பெருமாள் கோயிலுக்கும் போகிறவன். அப்படிப்பட்ட நான் என் வாழ்நாளில் மிகக் கடுமையாகப் பொறாமைப்பட்டது ஓர் ஆமைக்குஞ்சின் மேல். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. (சொல்லாமல் இருந்தபோது நடந்தது இதைவிட வெட்கம்.)

இரண்டாம் உலக யுத்தக் காலம். ஜப்பான் விமானம் எப்போது வருமோ என்ற பயம். திருகோணமலைத் துறைமுகத்தில், கயிற்றுக் கிட்டங்கியில் எனக்கு வேலை. கலியாணமாகி ஐந்து மாதம். மனைவி தெய்வானை நிலாவெளிப் பக்கத்துப் பிள்ளை. தாய் வீட்டுக்குப் போய் வந்தவள், பற்றைப் புதருக்குள் கிடந்ததாக உள்ளங்கையளவு ஆமைக்குஞ்சு ஒன்றைக் கொண்டுவந்தாள். அதன் முதுகில் நட்சத்திரம் நட்சத்திரமாக மஞ்சள் கோடுகள்.

"ஒளிக்க இடமில்லாட்டி இது தின்னாது. பயத்திலயே செத்துப்போம்" என்றாள்.

அன்றிலிருந்து வீட்டைச் சுற்றி வளவெல்லாம் ஆமை வீடு. காலை வெயிலுக்கு, உடைந்த பானையைப் பாதி மண்ணில் புதைத்து ஒன்று. மத்தியானத்துக்கு, வேலியோரம் தென்னோலைக் கிடுகு சாய்த்து ஒன்று. மழைக்குத் தேங்காய் மட்டை அடுக்கி இன்னொன்று. காகம் கொத்தாமலிருக்க மேலே பழைய மீன்வலை. நிழல் சரியாக விழுகிறதா என்று மணிக்கொரு தடவை கையை விட்டுப் பார்ப்பாள். (எங்கள் அறைக் கூரை என் தலைமாட்டில்தான் ஒழுகியது. அதற்கு வாங்கிவைத்த கிடுகுதான் அந்த மத்தியான வீடு.)

ஒருநாள் காய்ச்சலோடு வந்து பாயில் விழுந்தேன். தெய்வானை கவலையோடு பக்கத்தில் வந்து குந்தினாள். "இண்டைக்கு ஒரு செவ்வரத்தம் பூவும் தின்னேல்லை" என்றாள். மல்லித் தண்ணீரை நானே எழும்பிப் போட்டுக் குடித்தேன்.

அப்போது வளவுக்கு வளவு பதுங்குகுழி வெட்டச் சொல்லியிருந்தார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை முதுகு முறிய வெட்டினேன். குளிர்ச்சியான மூலை ஒன்றை என் தலைக்கென்று மனதில் குறித்தும் வைத்தேன். மறுநாள் பார்த்தால் அந்த மூலையில் ஒரு சட்டி, வாசல் உடைத்துக் கவிழ்த்தபடி. நாலாவது வீடு.

"இஞ்சேர், இது மனுசருக்கு வெட்டின கிடங்கு."

"உங்களுக்கு ஓடத் தெரியும். அதுக்கு ஓட ஏலாது."

"அப்ப நான் எங்க தலையை வைக்கிறது?"

"கொஞ்சம் தள்ளி இருங்கோவன்."

அன்றைக்கே முடிவெடுத்தேன். கொல்ல மனம் வராது. திருமால் எடுத்த அவதாரமல்லவா? ஆகவே பக்தியோடு யோசித்தேன். கோயில் கேணியில் விட்டுவிட்டால் பெருமாளின் சாமான் பெருமாளிடம் போய்ச் சேரும். என் மனைவி என்னிடம் வந்து சேருவாள்.

சனிக்கிழமை காலை தெய்வானை வழக்கம்போல் ஆமையைத் தண்ணீர்த் தட்டத்தில் இறக்கி, வயிறு நிறையக் குடிக்கவிட்டு, பானைக்குள் விட்டுவிட்டுக் குசினிக்குச் சமைக்கப் போனாள். நான் அதை எடுத்து வேட்டி மடியில் செருகி, சால்வையால் மூடினேன். "கோயிலுக்குப் போட்டு வாறன்" என்றேன். பொய்யில்லையே.

பாதி வழியில் சைரன் ஊதியது. காவலுக்கு நின்ற ஒருவர் என்னைப் பிடித்துத் தெருவோரப் பொதுக் குழிக்குள் தள்ளினார். உள்ளே நெருக்கியடித்துப் பதினைந்து பேர். வலப்பக்கம் கிண்ணியாவிலிருந்து மீன் கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி, எல்லாருக்கும் நானா. இடப்பக்கம் யாரென்று பார்த்தால், தெய்வானையின் தமக்கை, பரிபூரணம் மச்சாள். ஊரில் நடப்பதை நடக்குமுன்னே தெய்வானைக்குச் சொல்லிவிடுகிறவர்.

நான் குந்தியதும் மடி இறுகியது. ஆமை பயந்துபோய், காலையில் குடித்ததையெல்லாம் விட்டுவிட்டது. உள்ளங்கையளவு ஆமைக்குள் ஒரு குடம் தண்ணீர் இருந்தது என்று நான் சத்தியம் செய்வேன்.

"தம்பி," என்றார் மச்சாள், "உங்கட வேட்டி..."

பதினைந்து பேரும் பார்த்தார்கள். ஆமையை எடுத்துக் காட்டினால் மானம் தப்பும். ஆனால் அரை மணித்தியாலத்தில் களவு தெய்வானையின் காதுக்குப் போய்விடும்.

"ஓம் மச்சாள். கொஞ்சம் பயந்திட்டன்."

"வெக்கப்படாதீங்க தம்பி, எல்லாருக்கும் வாறதுதான்" என்று நானா தன் மீன்வாடைத் துவாயை என் மடியில் விரித்தார்.

"இன்னும் ஒரு குண்டும் விழேல்லை" என்றார் மூலையிலிருந்த ஒருவர்.

கடைசிவரை விமானம் ஒன்றும் வரவில்லை. அசுத்தமான வேட்டியோடு கோயிலுக்குப் போக முடியாது. வீட்டுக்கு ஓடினேன்.

தெய்வானை குழிக்குள் இல்லை. வளவின் நடுவில் நின்றாள். பானை பெயர்ந்து கிடந்தது. கிடுகும் மட்டையும் சிதறிக் கிடந்தன. சைரன் ஊதிய நேரமெல்லாம் வெட்டவெளியில் தேடியிருக்கிறாள்.

"காணேல்லையப்பா" என்றாள். கையெல்லாம் மண். நகத்தில் இரத்தம்.

குழிக்குள் நான் பயந்தேன் என்றது பொய். அந்த நிமிடம் பயந்தது உண்மை. விமானம் வந்திருந்தால் என் பொறாமை அவளை விழுங்கியிருக்கும்.

மடியிலிருந்து ஆமையை எடுத்துக் கொடுத்தேன். கேணிக் கதையையும் சொன்னேன்.

"கேணியிலயோ? இது தரை ஆமை. நீந்தத் தெரியாது. கல்லுப்போலத் தாண்டிருக்கும்."

ஆமை என்றால் தண்ணீர்ச் சீவன் என்றே, கடலோரம் பிறந்த நான் நினைத்திருந்தேன். பெருமாளுக்குக் காணிக்கை என்று அவருடைய கேணியிலேயே உயிர்க்கொலை செய்யப் பார்த்திருக்கிறேன். (அந்தச் சைரனை ஊதவைத்தது அவர்தான். இதில் எனக்குச் சந்தேகமில்லை.)

"ஏன் கொண்டு போனனீங்கள்?"

"அதுக்கு நாலு வீடு. எனக்கு ஒரு கிடுகு தரேல்லை நீ."

"ஆமையோடயோ எரிச்சல்?" என்றவள், நின்ற இடத்திலேயே குந்திவிட்டாள். ஆமையைப் பார்த்தாள். என் நனைந்த வேட்டியைப் பார்த்தாள்.

அதற்குள் வேலிப் படலையில் மச்சாளின் குரல் கேட்டது. "தெய்வானை, உன்ர மனுசன் குழிக்குள்ள செய்த வேலை தெரியுமோ?"

தெய்வானை எழும்பி என் காதருகே வந்தாள். "ஆமையைக் களவெடுத்தவர் எண்டு அக்காவுக்குச் சொல்லட்டோ, பயத்தில வேட்டியில பெய்தவர் எண்டு விடட்டோ? கெதியாச் சொல்லுங்கோ."

நான் பெய்தவனாகவே இருந்துவிட்டேன்.

அந்தக் கிழமையே என் தலைமாட்டுக் கூரைக்குக் கிடுகு வந்தது. ஆமையின் மத்தியான வீட்டை நானே புதிதாகக் கட்டிக் கொடுத்தேன், முன்னதைவிடப் பெரிதாக. ஆனால் கதை நிற்கவில்லை. மாரியில் இடி இடித்தால் இன்றைக்கும் பேரப்பிள்ளைகள் அலுமாரியைத் திறந்து, மாற்று வேட்டி ஒன்றை எடுத்துவந்து பவ்வியமாக என் சாய்வுக் கதிரையில் வைக்கிறார்கள். தெய்வானை ஒரு சொல் சொன்னால் என் மானம் தப்பும். அவளோ வேட்டியை விரித்துப் பார்த்து, "இது காணாது, இன்னுமொண்டு எடுத்து வையுங்கோ" என்கிறாள்.