ஆறு தலை அரசனுக்கு எத்தனை தலை?

"அஞ்சு தலையை எடுத்துடலாம் சார்" என்று சினிமா இயக்குநர் இளஞ்செழியன் சொன்னதும், ராஜமாணிக்கம் நாற்காலியில் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மறைந்த அவருடைய தந்தை சகாதேவன் பெயரில் வந்த ஆறு பாக மாயக்கதை அது. அதில் வரும் அரசனுக்குப் பாகத்துக்கு ஒரு தலை முளைக்கும்.

"எங்கப்பா வச்ச தலை தம்பி. ஒண்ணு கம்மியானாலும் குடும்ப மானம் போச்சு."

"ரெண்டரை மணி நேரப் படம் சார். முதல் பாகத்துக்கே மூச்சு வாங்குது."

"அப்போ டிவிக்குக் கொடுத்துக்கிறேன்!"

உடனே போன் போட்டார். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த டிவி தயாரிப்பாளர் ரேவதி, அரை மணியில் ஆட்டோ பிடித்து வேங்கிக்கால் வீட்டுக்கு வந்து இறங்கினார்.

"ஆறு தலையும் அப்படியே இருக்கும் ஐயா."

ராஜமாணிக்கம் இளஞ்செழியனை ஒரு பார்வை பார்த்தார். கேட்டுக்கொண்டாயா என்றது அந்தப் பார்வை.

"ஆனா எண்ணூறு எபிசோடு ஓட்டணும்" என்று தொடர்ந்தார் ரேவதி. "அதனால தலைக்கு ஒரு பொண்டாட்டி. மாமியார் மட்டும் ஒருத்தர்தான்."

"ஒரே உடம்புக்கு ஆறு பொண்டாட்டியா? எங்க பரம்பரையில அந்தப் பழக்கமே கிடையாதும்மா!"

கண்ணை மூடி யோசித்தார். பிறகு தீர்ப்புச் சொல்லும் குரலில், "மூணு தலை படத்துல. மூணு தலை டிவியில" என்றார்.

"அரசனை முழுசாப் பாக்கணும்னா டிவிப் பெட்டியைத் தூக்கிட்டு தியேட்டருக்குப் போவணுமா சார்?" என்று இளஞ்செழியன் எழுந்தார்.

"தலையைப் பங்கு போட்டுக்க நான் வரலைங்க" என்று ரேவதியும் பையை எடுத்தார்.

இருவரும் செருப்பு மாட்டப் போனபோது, ராஜமாணிக்கத்தின் முதுகு முதல் முறையாகச் சற்று வளைந்தது.

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி இந்த மலையை அத்தனை ஜனம் சுத்துது. அதுல ஒருத்தருக்குக்கூட எங்கப்பா யாருன்னு தெரியாதும்மா. திரையில ஒரு தடவை அவர் பேரைப் பாத்துட்டா போதும். அதுக்குத்தான் அவர் எழுதினதுல ஒரு எழுத்து மாறக் கூடாதுன்னு நிக்கிறேன்."

காலி காபி டம்ளர்களை எடுக்க வந்த அவருடைய மனைவி அருணாதேவி, தட்டை மேசைமேல் வைத்தார்.

"மாமா எழுதினது முதல் பாகம் மட்டும்தாங்க, அதை இந்தத் தம்பி ஒரு தலையோட அவர் பேர்ல படமா எடுக்கட்டும், அவருக்குக் கண்ணு போனப்புறம் மீதி அஞ்சு தலையையும் முளைக்க வச்சது நான்தான், அதை டிவிக்கு நானே கையெழுத்து போட்டுக் குடுத்துடறேன்."