உட்கார்ந்தபடி ஓடும் துறை

மனித குலம் ஓடக் கற்றுக்கொண்டது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால், ஓட்டத்தை உட்கார்ந்தபடியே கற்பிக்கலாம் என்ற மகத்தான கண்டுபிடிப்பு 1991-ஆம் ஆண்டு, தண்டலத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நிகழ்ந்தது. 'உடல் இயக்கவியலும் விளையாட்டுப் பண்பாடும்' என்று அந்தப் பட்டப்படிப்புக்குப் பெயர் சூட்டினார்கள். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கல்லூரி முதல்வருக்கே மூச்சு வாங்கியது.

ஒரகடத்து மதிவதனிக்கு வாங்கவில்லை. மாவட்டப் போட்டியில் நானூறு மீட்டரில் முதலாவதாக வந்தவள் ஆயிற்றே! ப்ளஸ் டூ முடித்த கையோடு, படித்தால் இதைத்தான் படிப்பேன் என்று வீட்டில் அறிவித்துவிட்டாள்.

அப்பா நாகப்பன், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு போல்ட் கம்பெனியில் ஃபிட்டர்.

"ஓடறதுக்கு இன்னாத்துக்குடி டிகிரி? நம்ம ஆடுகூடத்தான் ஓடுது."

"ஆடு ஏன் ஓடுதுன்னு அதுக்குத் தெரியாதுப்பா. அதத்தான் அங்க சொல்லிக் குடுக்கிறாங்கோ."

"நீ தொரத்துற, அது ஓடுது. இதுக்கு மூணு வருசமா?" என்றாள் அம்மா கிளியம்மாள்.

நாகப்பன் தீர்ப்பு வழங்கினார். "சீட்டு கெடச்சா சேரு. கெடைக்கலன்னா பி.காம். பேங்க்ல உக்காந்து வேலை செய்யலாம்."

'உக்காந்து' என்றதுமே அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

நேர்முகத் தேர்வன்று பஸ் பாதி வழியில் மக்கர் செய்தது. அப்பாவை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு மதிவதனி ஓட ஆரம்பித்தாள். சரியான நேரத்தில் போய் நின்றாள். துறைத்தலைவர் சுப்பராயன் மெத்தை நாற்காலியிலிருந்து கவலையோடு பார்த்தார்.

"ஏம்மா இப்படி வேர்க்குது? உடம்பு சரியில்லையா?"

"ஓடி வந்தேன் சார்."

"ஓடியா? எதுக்கு?"

தேர்வுக் குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விளையாட்டுத் துறைக்கு இப்படி ஒருத்தி வருவாள் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

"இங்க மார்க்குதாம்மா முக்கியம். ஆனா உன்னை விட்டுடமாட்டோம். விளையாட்டு ஒதுக்கீட்டுல பி.காம் சீட்டு தரோம்" என்றார் சுப்பராயன்.

"விளையாட்டுத் துறையில விளையாட்டு ஒதுக்கீடு இல்லீங்களா சார்?"

"அது எப்படிம்மா? படிப்போட தரம் என்ன ஆவறது? நீ மெடல் வாங்கிக் குடு. வருஷக் கடைசியில எடம் காலியானா மாத்தித் தரேன்."

பின்னாலேயே மூச்சிரைக்க வந்து சேர்ந்த நாகப்பன், பி.காம் என்று கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். மதிவதனி திரும்பும் வழியெல்லாம் அழுதாள். அந்த 'வருஷக் கடைசி'யை நம்பித்தான் சேர்ந்தாள்.

துறை ஓஹோவென்று வளர்ந்தது. டாக்டர் சீட்டு கைநழுவிய அறிவுச் சுடர்கள் ஃபேனுக்கு அடியில் அமர்ந்து முட்டியின் அமைப்பை வரைந்து தள்ளினார்கள். மைதானத்தில் யாரும் இறங்கவில்லை. வெயிலில் நோட்டைப் பார்த்தால் கண் கூசுமாம்.

வருஷக் கடைசியில் செய்முறைத் தேர்வு வந்தது. ஆளுக்கு ஒரு சுற்று ஓட வேண்டும் என்று பல்கலைக்கழகம் ஈவிரக்கமில்லாமல் விதித்திருந்தது. சுப்பராயன் பி.காம் வகுப்புக்கு ஆள் அனுப்பி மதிவதனியை வரவழைத்தார்.

"நீ ஓடும்மா. அவங்க எழுதிப்பாங்க."

இடம் மாற்றித் தருவார் என்று ஓடினாள். ஒவ்வொருவருக்கும் ஒரு சுற்று. சுற்று முடிய முடிய ஒவ்வொருவராக வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து, அவள் நாடித்துடிப்பைத் தங்கள் பெயரில் எழுதிக்கொண்டார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பந்தலில் இளநீர் குடித்தபடி 'மாணவர்களின்' வேகத்தை மெச்சினார். துறை நூறு சதவீதத் தேர்ச்சி பெற்றது.

அந்த வாரமே ஒரு மாணவனுக்கு டாக்டர் சீட்டு கிடைத்துவிட, இடம் காலியானது. மதிவதனி துறைத்தலைவர் அறைக்கு ஓடினாள்.

"சார், எடம் காலியாயிடுச்சு. மாத்திக் குடுங்க சார்."

சுப்பராயன் பெற்ற தகப்பனைப் போலச் சிரித்தார்.

"உனக்கு எதுக்கும்மா இந்தப் படிப்பு? உனக்குத்தான் நல்லா ஓட வருதே!"

மதிவதனிக்கு ஒரு கணம் மூச்சே வரவில்லை. அத்தனை சுற்று ஓடியபோதுகூட அப்படி ஆகவில்லை.

"அதான் பாக்கிறேன் சார். ஓட வராதவங்கல்லாம் உள்ள உக்காந்துகினு கீறீங்க. ஓட வந்தவ வெளிய நிக்கிறேன்."

துறைத்தலைவர் அசையவில்லை. அசைவு அவருக்குப் பாடம்தான், பழக்கம் இல்லை.